முழு ஷெல் என்றால் மூன்று சாமான்: பழைய ஆட்லறிக் கோதுகளை அடையாளம் காண்பது

"முழு ஷெல்" என்று மேசையில் நிமிர்த்தி வைத்து விற்கிற எதையும் ஒரு சாமானாக எடுக்கக் கூடாது. அது மூன்று சாமான். கீழே தள்ளுமருந்து அடைக்கிற பித்தளைக் கோது, அதன் வாயில் செருகிய, பறந்துபோய் விழுகிற இரும்பு எறிகணை, உச்சியில் அதை வெடிக்கவைக்கிற பியூஸ். கோது 1917இல் செய்த பிரித்தானியக் கோதாக இருக்கும். எறிகணை இரண்டாம் உலகப் போருக்கு உரியதாக இருக்கும். பியூஸ் ஜேர்மன்காரருடையது. அளவு ஏறக்குறைய ஒத்துவந்ததும் யாரோ ஒரு புண்ணியவான் மூன்றையும் சோடி சேர்த்து மினுக்கி வைத்திருப்பார். விற்கிறவர் வேண்டுமென்று பொய் சொல்கிறார் என்றில்லை. அவருடைய பாட்டனார் வீட்டுக் கணப்படுப்பின் மேல் அது அப்படியே நின்றிருக்கும், அவரும் அப்படியே நம்பியிருப்பார். தென்கிழக்கு இங்கிலாந்தில் காரின் பின்பெட்டியில் பழைய சாமான் பரப்பி விற்கிற கார் பூட் சேல்களிலும் இராணுவப் பழம்பொருள் சந்தைகளிலும் திரிந்து நான் பிடித்துக்கொண்ட முதல் விதி இதுதான்: மூன்றையும் தனித்தனியாக அடையாளம் காணுங்கள். சோடி பொருந்துமா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் ஓடிய வயதில், இதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் விசரன் என்றிருப்பேன். "உந்தச் சனியனை வீட்டுக்குள்ள கொண்டு வராத தம்பி" என்று அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சேகரிப்பு முழுக்கக் கராஜுக்குள்தான். ஆனால் ஊரில் பார்த்ததில் ஒன்று இந்தப் பொழுதுபோக்குக்கு நன்றாக உதவுகிறது. எங்கள் பக்கம் வந்து விழுந்தது எப்போதும் இரும்புத் துண்டுதான். பித்தளையை நாங்கள் கண்டதில்லை. கோது சுட்டவனுடைய காலடியில் விழும், எறிகணை அடிபட்டவனுடைய வளவில் விழும். ஒரு சாமான் எங்கே கிடைத்தது என்று சொல்லப்படுகிற கதையை இதை வைத்து உரசிப் பார்க்கலாம்.

எம்டனை எடுத்துக்கொள்வோம். 1914 செப்டெம்பர் 22 இரவு அந்த ஜேர்மன் போர்க்கப்பல் 10.5 சென்றிமீற்றர் பீரங்கிகளால் சென்னைத் துறைமுகத்தில் இருந்த பர்மா ஒயில் கம்பனியின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்தது. "எம்டன் மெட்ராஸுக்கு அடித்தபோது அங்கே பொறுக்கிய கோது" என்று ஒருவர் பித்தளையை நீட்டினால், பேரம் பேச வேண்டிய தேவையே இல்லை. சென்னையில் விழுந்தவை எறிகணைகளும் அவற்றின் சிதறல்களும். கோதுகள் கப்பலோடே போயின. அந்தக் கப்பல் அதே வருடம் நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவுகளில் அவுஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலிடம் அடிவாங்கித் தரைதட்டியது. எம்டன் கோது என்று ஒன்று வந்தால், அந்தச் சிதைவிலிருந்து எடுத்ததற்கு என்ன ஆதாரம் என்பதே சரியான கேள்வி.

சரி, கோதுக்கு வருவோம். கையில் எடுத்ததும் கவிழ்த்து அடியைப் பாருங்கள். டோர்ச்சை நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து தாழ்வாகப் பிடித்தால் தேய்ந்த முத்திரையும் எழும்பி வரும். அப்படியும் வாசிக்க முடியாவிட்டால் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தால் பாதிக்கு மேல் பிடிபடும்.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியரின் முதன்மையான களப்பீரங்கி 18 பவுண்டர், அதாவது ஏறக்குறைய 18 இறாத்தல் எறிகணையைச் சுடுவது. சந்தையில் அதிகம் கிடைப்பதும் அதன் கோதுதான், பழகுவதற்கும் அதுவே நல்லது. என்னிடமுள்ள ஒன்றின் அடியை அப்படியே சொல்கிறேன். நடுவில் திருகி இறக்கிய பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கிற சின்ன வெடிமூடி. அதைச் சுற்றி வளையமாக எழுத்துகள். 18 என்ற இலக்கமும் பி, ஆர் என்ற எழுத்துகளும், அதாவது பவுண்டர். பக்கத்தில் ரோம இலக்கத்தில் இரண்டு. அது கோதின் வடிவமைப்பு எண். ஆர், எல் என்ற எழுத்துகளுக்கு நடுவே மேல்நோக்கிய அம்பு: வூல்விச் ரோயல் லபோரட்டரியின் அடையாளம். அம்பு என்றால் அரசாங்கச் சொத்து. கனடாவில் செய்ததென்றால் அந்த அம்பு சி என்ற எழுத்துக்குள் இருக்கும். பிறகு மாதமும் வருடமும். கடைசியாக சி, எஃப் என்ற எழுத்துகள்: கோர்டைட் என்ற தள்ளுமருந்து, முழு அளவு.

ஆட்கள் அதிகம் தடுமாறுவது இந்தக் கடைசி எழுத்துகளில்தான். என்னுடையதில் சி.எஃப். ஒரு முறை மட்டும் இல்லை, அடுத்தடுத்துப் பல முறை அடிக்கப்பட்டிருக்கிறது. பித்தளை விலை கூடிய சாமான். சுட்ட கோதைக் களத்திலிருந்து திருப்பி அனுப்பி, வடிவம் திருத்தி, மறுபடி மருந்து நிரப்பி அனுப்பினார்கள். நிரப்பிய ஒவ்வொரு முறையும் புதிதாக முத்திரை விழுந்தது. எனவே அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட திகதி இருந்தால் பழையது கோது செய்த திகதி, மற்றவை நிரப்பிய திகதிகள். தெளிவாகத் தெரிகிற திகதியை மட்டும் வாசித்துவிட்டு "1918 கோது" என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். உற்றுப் பார்த்தால் 1915இல் பிறந்ததாக இருக்கும். ஒரே கோது பல தடவை பிரான்ஸுக்குப் போய்வந்த பயணக் குறிப்பு அது. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு இதுவே காரணம் என்றும் சொல்லலாம்.

செய்தவர்களின் அடையாளங்களிலும் சரித்திரம் தெரியும். 1915 மே மாதம் முன்னரங்கில் ஷெல் போதவில்லை என்ற செய்தி இலண்டன் பத்திரிகையில் வெளிவந்து அரசாங்கமே ஆடிப்போனது. லொயிட் ஜோர்ஜின் கீழ் வெடிபொருள் உற்பத்திக்கென்றே ஓர் அமைச்சு உருவானது. அதற்குப் பிந்திய கோதுகளில் முன்பு காணாத தொழிற்சாலைகளின் எழுத்துகளெல்லாம் வரத் தொடங்கும்.

பிரெஞ்சு 75 மில்லிமீற்றர் கோதில் இன்னொரு வேடிக்கை. 1897 மாதிரிப் பீரங்கியினுடைய அந்தக் கோதின் அடியில் 75 என்ற இலக்கத்துக்குப் பிறகு டி, ஈ, சி என்று மூன்று எழுத்து இருக்கும். இங்கிலாந்தில் அதைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் டிசெம்பர் மாதம் என்றே நினைப்பார்கள். எல்லாக் கோதும் டிசெம்பரில்தான் செய்தார்களா என்று ஒருவரும் யோசிப்பதில்லை. அது களப்பீரங்கி என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம். உண்மையான வருடம் வளையத்தில் வேறோர் இடத்தில் இருக்கும்.

ஜேர்மன் கோதுகளில் முதலாம் போர்க் காலத்தில் ஊர்ப் பெயரையே முழுசாக அடித்தார்கள்: மக்டேபூர்க், கார்ல்ஸ்ரூஹ என்று வாசிக்கலாம். இரண்டாம் போரில் அதை மறைத்து எழுத்துக் குறியீடாக்கினார்கள். ஏ, யூ, எக்ஸ் என்று சிறிய எழுத்தில் இருந்தால் மக்டேபூர்க்கிலிருந்த போல்ற்ற தொழிற்சாலை. அதோடு கோது மாதிரிக்கு நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். இந்த எண் பெரிய உதவி. சந்தையில் உயரமான ஜேர்மன் கோது எதைக் கண்டாலும் "எயிற்றி எயிற்" என்பார்கள், ஏனென்றால் 88 மில்லிமீற்றர் விமான எதிர்ப்புப் பீரங்கிக்குப் பெயர் அப்படி. 88இன் கோது 571 மில்லிமீற்றர் உயரம், எண் 6347. ஆனால் 75 மில்லிமீற்றர் பாக் 40 தாங்கி எதிர்ப்புப் பீரங்கியின் கோது 714 மில்லிமீற்றர், எண் 6340. உயரத்தைப் பார்த்து முடிவெடுத்தால் சின்னதே பெரிதாகத் தெரியும். எண்ணுக்குப் பின்னால் எஸ், டி என்றிருந்தால் உருக்கு. செப்புத் தட்டுப்பாட்டில் பித்தளையை விட்டு உருக்குக்கு மாறிய காலத்தது. சந்தேகமென்றால் சின்னக் காந்தம் ஒன்று போதும்.

அடி முழுக்கத் தேய்ந்துபோனால்தான் அளவு. வேணியர் இடுக்கி ஒன்றை எப்போதும் கொண்டு போவேன். கோதின் உயரம், வாயின் உள்விட்டம், அடி விளிம்பின் விட்டம் மூன்றையும் எடுக்க வேண்டும். வாய் அடிபட்டு நெளிந்திருக்கும், உயரம் வெட்டிக் குறைக்கப்பட்டிருக்கும், விளிம்பு மட்டும் பெரும்பாலும் மாறாது. 18 பவுண்டரின் குழாய் விட்டம் 84 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, கோதின் உயரம் 295. இரண்டாம் போரின் 25 பவுண்டர் 87.6, கோது 292. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒழிய வெறுங்கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. ஜேர்மன் 77 மில்லிமீற்றர் களப்பீரங்கிக்கு 227, பிரெஞ்சு 75க்கு 350. உயர வளைத்துச் சுடுகிற பிரித்தானிய 4.5 அங்குல ஹொவிற்சர் பீரங்கியின் கோது பத்துச் சென்றிமீற்றர்கூட இராது; வெட்டி எடுத்த சாம்பல் கிண்ணம் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள், அது பிறந்ததே அந்த உயரம். 37 மில்லிமீற்றர் குட்டிக் கோதுகளுக்கும் ஒரு காரணம் உண்டு. 1868ஆம் ஆண்டு சென் பீற்றர்ஸ்பேர்க் பிரகடனம் 400 கிராமுக்குக் குறைந்த எறிபொருளில் வெடிமருந்து வைக்கக் கூடாது என்றது. அந்த எல்லைக்குச் சற்று மேலே நிற்கிற அளவுதான் 37.

செதுக்கு வேலை செய்த கோதுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூச்சாடி, தீப்பெட்டிக் கூடு, இடுப்பு ஒடுக்கிய கோது, அதில் "ஈப்ர 1915" என்று பெல்ஜியப் போர்க்கள ஊரின் பெயர் பூவேலைப்பாட்டோடு. படைவீரன் பதுங்குகுழிக்குள் இருந்து தட்டியது என்று கதை வரும். அடியைத் திருப்புங்கள். 1917 என்று இருந்தால் 1915இல் அதில் யாரும் எழுதியிருக்க முடியாது. போர் முடிந்த பிறகு களங்களைப் பார்க்க வந்த பயணிகளுக்கென்று உள்ளூர்க் கைவினைஞர்கள் செய்தவை ஏராளம். அதனால் அது மதிப்பில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். பிழைப்புக்காகத் தட்டியவனின் வேலைப்பாடும் வேலைப்பாடுதான். விலை மட்டும் படைவீரன் விலையாக இருக்கக் கூடாது.

இனி மினுக்குவது. தயவுசெய்து வேண்டாம். முத்திரை தேய்வது ஒரு காரணம். அமோனியா கலந்த பித்தளை மினுக்கிகள் இன்னொரு காரணம். பித்தளைக்கும் அமோனியாவுக்கும் ஆகாது என்பது தெரியவந்ததே ஆட்லறிக்காரர்களுக்கு அறிமுகமான இடத்தில்தான். பிரித்தானிய ஆட்சிக்கால இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பித்தளை தானாகவே வெடித்துப் பிளந்திருந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியா, ஈரக் காற்று, கோதை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசை மூன்றும் சேர்ந்து செய்த வேலை. விளக்கம் 1921இல் வந்தது. கோதின் வாயருகே நீளவாக்கில் மயிர்க்கோடாக வெடிப்பு இருந்தால் அநேகமாக இதுதான். என் கோதுகளை மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மெழுகு பூசி வைப்பதோடு சரி. கறுத்த நிறம் அப்படியே இருக்கட்டும்.

இதுவரைக்கும் சொன்னது கோது. வெற்றுக் கோதிலும் ஆபத்தான ஓர் இடம் உண்டு: பிரைமர். மருந்து போயிருக்கும், பிரைமர் வெடிக்காமல் அப்படியே இருக்கலாம். சுட்ட பிரைமரின் நடுவில் ஊசி குத்திய குழி தெரியும். குழி இல்லையென்றால் அது உயிரோடு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படிப்பட்டதை வாங்குவதில்லை. கழற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் பக்கத்திலேயே நிற்பதில்லை.

எறிகணை வேறு சாதி. கோதை அடையாளம் காண்பது பொழுதுபோக்கு. எறிகணையில் முதல் கேள்வி இது என்ன என்பது இல்லை, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பதுதான். கண்ணால் மட்டும் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. எறிகணையின் அடிப்பகுதியைச் சுற்றிச் செப்பு வளையம் ஒன்று ஓடும். பீரங்கிக் குழாயின் உட்புறச் சுருள் வரிகள் அதைக் கடித்து எறிகணையைச் சுழலவைக்கும். வளையம் வழவழப்பாக இருந்தால் அது சுடப்படவில்லை. சாய்வான வெட்டுத் தடங்கள் வரிசையாக இருந்தால் சுடப்பட்டது. இப்போது யோசியுங்கள்: சுடப்பட்ட அதிவெடிமருந்து எறிகணை சிதறிப்போயிருக்க வேண்டும். வளையத்தில் தடமும் இருந்து, உடலும் முழுசாக இருந்தால் அது விழுந்து வெடிக்காதது. அதைக் கையில் எடுக்காமல் விலகிப் போக வேண்டும்.

சிராப்னெல் எறிகணை மட்டும் விதிவிலக்கு. அதன் உடல் வெடித்துச் சிதறுவதற்குச் செய்ததில்லை. அடியில் கொஞ்சம் மருந்து; பியூஸ் குறித்த நேரத்தில் அது பற்றி, உள்ளே அடைத்த ஈயக் குண்டுகளை முன்னால் தள்ளும். 18 பவுண்டரில் அப்படி 375 குண்டு. வேலை முடிந்ததும் உடல் வெறும் உருளையாகக் கீழே விழும். இங்கிலாந்து வீடுகளில் முழுசாக நிற்கிற பழைய எறிகணைகளில் நிறைய இந்த ரகம். உச்சி திறந்து அடிவரை வெறுமையாகத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் சிராப்னெல் என்ற பெயரை நம்பி வாங்காதீர்கள்.

நிறத்தை நம்பலாமா என்று கேட்பார்கள். முதலாம் போர்ப் பிரித்தானிய எறிகணையில் மஞ்சள் உடல் அதிவெடிமருந்து, மூக்கருகே சிவப்பு வளையம் நிரப்பப்பட்டது என்பதற்கு அடையாளம், கறுப்பு உடல் சிராப்னெல். ஜேர்மன் நச்சுவாயு எறிகணையில் நீலம், பச்சை, மஞ்சள் நிறச் சிலுவைகள். ஆனால் நூறு வருடத்துப் பூச்சு மண்ணுக்குள் கரைந்துபோகும், இல்லாவிட்டால் போன கிழமை கராஜில் யாராவது அடித்ததாக இருக்கும். நிறம் இருந்தால் எச்சரிக்கை. நிறம் இல்லை என்பது ஒன்றுக்கும் உத்தரவாதமில்லை.

பழசானால் சாதுவாகிவிடும் என்ற எண்ணம்தான் உயிரை எடுப்பது. பழைய எறிகணைகளில் அடைத்த லிடைற் என்பது பிக்ரிக் அமிலம். அது உலோகத்தோடு சேர்ந்து உண்டாக்கும் உப்புகள் இன்னும் உணர்திறன் கூடியவை. வருடம் போகப்போக ஆபத்து கூடவும் செய்யும். 2008இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து இறந்தார். பெருந்தொகையான குண்டுகளைக் கையாண்ட அனுபவம் உள்ளவர். குண்டுக்கு வயது 140க்கு மேல். 2023இல் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவனில் ஒரு வீட்டு முற்றத்தில் தலைமுறை கடந்து அலங்காரமாக நின்ற கடற்படை எறிகணைக்குள் மருந்து இன்னும் இருப்பதை இராணுவக் குண்டகற்றும் பிரிவு கண்டுபிடித்தது. தோட்டவேலை செய்யும்போது மண்ணைத் தட்டிவிட அந்த வீட்டுக்காரி கரண்டியை அதிலேதான் தட்டுவாராம்.

பியூஸ் கையடக்கமாக இருப்பதால் பயமில்லாமல் தூக்குகிறார்கள். பிரித்தானிய 80ஆம் எண் பியூஸ் அழகான சாமான்: பித்தளைக் கூம்பு, சுழலும் வளையம், 0 முதல் 22 வரை கோடுகள், எண்ணும் திகதியும் செய்தவர் அடையாளமும் உடலிலேயே. ஜேர்மன் பியூஸில் கோடுகள் மீற்றர்க் கணக்கு. 106ஆம் எண் பியூஸ் பட்டதும் வெடிப்பது. முள்ளுக்கம்பியை அறுக்க உதவியது. சோடி சேர்ந்ததா என்று பார்க்கவும் இது வழி: நேரம் குறிக்கும் 80ஐ 18 பவுண்டர் மஞ்சள் எறிகணையில் உட்காரவைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனால் உட்புறம் திறந்து வெறுமையாகக் காட்டாத பியூஸ் எதையும் நான் தொடுவதில்லை.

பெல்ஜியம், வட பிரான்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. 1916இல் பிரான்ஸின் சொம் ஆற்றுப் பக்கம் நடந்த தாக்குதலுக்கு முந்திய ஒரு கிழமைக் குண்டுவீச்சில் மட்டும் பிரித்தானியர் 15 இலட்சத்துக்கு மேல் ஷெல் அடித்தார்கள், பெருந்தொகை வெடிக்கவில்லை. இன்றும் உழவில் மேலே வருகிறது. விவசாயிகள் வீதியோரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், பெல்ஜிய இராணுவத்தின் பிரிவு வந்து பொயல்காப்பெல்லவில் உள்ள தன் அழிப்பு நிலையத்துக்கு ஏற்றிப் போகும். நச்சுவாயு எறிகணைகளும் அதற்குள் இருக்கும். படம் எடுக்கலாம், தொடக் கூடாது. இங்கிலாந்துக்குத் திரும்புகிற யூரோஸ்டார் ரயிலில் வெற்றுக் கோதையோ துருத்துண்டையோகூடக் கொண்டுவர விடமாட்டார்கள். இங்கிலாந்தில் வீட்டிலோ தோட்டத்திலோ கண்டால் அசைக்காமல் விலகி 999 என்ற அவசர எண்ணுக்கு அடியுங்கள். பொலிஸ் இராணுவத்தைக் கூப்பிடும், அதற்குக் காசு கேட்கமாட்டார்கள். ஊரில் வன்னிப் பக்கம் காணி துப்புரவாக்குகிற சொந்தக்காரருக்கும் இதையே சொல்கிறேன்: பழையது, துருப்பிடித்தது, ஒன்றும் செய்யாது என்ற கதை வேண்டாம்.

என் ஒவ்வொரு கோதுக்கும் அட்டை ஒன்று கட்டியிருக்கிறேன். அடியின் படம், அளவுகள், யாரிடம் எந்தச் சந்தையில் வாங்கியது, பிரைமர் சுடப்பட்டதா, உள்ளே பார்த்தேனா என்பதெல்லாம் அதில் இருக்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன், எனக்குப் பிறகு கராஜைத் துப்புரவாக்கப் போகிறவர்கள் மனைவியும் பிள்ளைகளும்தானே. சேகரித்தவர் இறந்த பிறகு வீட்டைக் காலி செய்ய வந்தவர்கள் கண்டு பயந்து பொலிஸுக்கு அடிக்க, அது வெறுமையா என்று சொல்ல ஆளில்லாமல், தெரு முழுக்கச் சனத்தை வெளியேற்றுவது இங்கே நடக்கிற விசயம். அட்டையைக் கோதுக்குள் போடாமல் வெளியே கட்டுங்கள். அதை வாசிப்பதற்காக யாரும் உள்ளே கை விடக் கூடாது.